கண்ணாடிக்காரர் படித்த இரண்டு மொழிகள்

மகளிடம் தமிழில் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று வீம்பு பிடித்த மனுஷன், அதே மகளுடைய மாமியாரிடம் பேசுவதற்காகப் பிரெஞ்சு படிக்கக் கிளம்பினார். யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள். கண்ணாடிக்காரருடைய மனைவிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை, வயிறுதான் எரிந்தது.

"தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீங்க உலகத்தையே சுத்தித் தொடப்போறீங்க" என்றாள்.

"சம்பந்தியம்மா முதல் தடவையா வீட்டுக்கு வர்றாங்க. வந்தவங்க முன்னாடி வாயை மூடிட்டு உட்கார முடியுமா? மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல?"

"பெத்த பொண்ணு முன்னாடி மூடிட்டு உட்காரலாமாக்கும்."

அவர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து, ஏற்கெனவே பளபளவென்று இருந்த தன் கண்ணாடியை இன்னொரு முறை துடைத்துக்கொண்டார். பதில் இல்லாதபோதெல்லாம் அவர் செய்கிற வேலை அது.

அவர் கடை ஆஸ்பத்திரியின் பின்வாசலுக்கு எதிரே இருந்தது. முன்னால் ஃபிரேம்கள் அடுக்கிய அலமாரி, நடுவில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் இருட்டறை. இருட்டறையில் உயரமான நாற்காலி ஒன்று, எதிர்ச்சுவரில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை, மேஜைமேல் வரிசை வரிசையாக லென்ஸ் செருகிய மரப்பெட்டி. வந்தவர் மூக்கில் சோதனை ஃபிரேமை மாட்டுவார். ஒரு லென்ஸைச் செருகுவார், எடுப்பார், இன்னொன்றைச் செருகுவார். "இதுவா... அதுவா?" காலையிலிருந்து பொழுது சாயும்வரை இதே கேள்விதான்.

படித்தவரோ படிக்காதவரோ, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததும் எல்லோருக்கும் பரீட்சைப் பயம் வந்துவிடும். தப்பாகச் சொல்லி மானம் போய்விடுமோ என்று வாயைத் திறக்கவே மாட்டார்கள். அவர்களுக்கென்று ஒரு மந்திரம் வைத்திருந்தார். "கண்ணைச் சிமிட்டிக்குங்க. அவசரமே இல்ல. தப்பாச் சொன்னாலும் தப்பில்ல, சொல்லாம இருந்தாத்தான் தப்பு." இதை அவர் சொல்கிற ராகத்தில் கேட்டால் ஊமையும் பேசிவிடுவான் என்று அக்கம்பக்கத்தில் பெயர்.

மகள் சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டதும் நேரே கடைக்கு வந்து அந்த நாற்காலியில்தான் ஏறுவாள். "இதுவா, அதுவா?" என்று கேட்டால், "இன்னொரு தடவைப்பா" என்பாள். கேட்பார். மறுபடியும் "இன்னொரு தடவைப்பா." எல்லா எழுத்தும் நன்றாகத் தெரியும் கழுதைக்கு, இருந்தாலும் சொல்லமாட்டாள். "பவர் பார்க்கிறேனா, உனக்குத் தாலாட்டுப் பாடுறேனாடி?" என்று அதட்டுவார். அதட்டிவிட்டு இன்னொரு தடவை கேட்பார்.

அந்த மகள் வளர்ந்து, படித்து, எங்கோ தூரத்தில் பிரெஞ்சு பேசுகிற ஒரு குளிர் ஊரில் ஆராய்ச்சிக்கூடத்து வேலைக்குப் போனாள். போன இடத்தில் ஒருத்தனைப் பிடித்துப்போய், பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, அப்புறம்தான் போன் செய்தாள். கண்ணாடிக்காரர் முழுவதும் கேட்டார். போனை மனைவி கையில் கொடுத்தார். "இனிமே அவகிட்ட என் வாயால ஒரு வார்த்தை கிடையாது" என்று, மனைவியும் சுவர்ப் பல்லியும் சாட்சியாகச் சொன்னார். பல்லி 'உச்' கொட்டியது. அதையும் தனக்குச் சாதகமாகவே எடுத்துக்கொண்டார்.

மாப்பிள்ளை எந்த நாடு, என்ன சாதி, என்ன நிறம் என்பதெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. "அப்பா, இவரைத்தான் கட்டிக்கப்போறேன்" என்று முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லவில்லையே, அதுதான் முள்ளாகக் குத்திக்கொண்டு இருந்தது. ஊரில் இருக்கிறவன் போகிறவன் எல்லோரிடமும் 'சொல்லுங்க, சொல்லுங்க' என்று கேட்கிற மனுஷன். சொந்த மகள் சொல்லவில்லை.

வீம்பு ஒரு வருஷத்தைத் தாண்டி ஓடியது. வாராவாரம் மகள் போன் செய்வாள். அம்மா ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பேசுவாள். கண்ணாடிக்காரர் அதே அறையில் தலைமாட்டு அலமாரியில் எதையோ தேடுவார். தேடுகிற பொருள் அவருக்கு ஒரு நாளும் கிடைத்ததில்லை. "அங்க குளிர் எப்படியாம், கேளு" என்று சுவரைப் பார்த்துச் சொல்வார். "அப்பாகிட்ட குளிர் குறைஞ்சிருச்சுன்னு சொல்லும்மா" என்று போன் சொல்லும். நடுவில் அம்மா தபால்காரி மாதிரி. ஒரு நாள் பொறுக்கமுடியாமல், "ரெண்டு பேருக்கும் காது இருக்கு, வாயும் இருக்கு. நான் எதுக்கு நடுவுல?" என்று கத்தினாள். அந்த வாரம் மட்டும் அலமாரியில் தேடல் சீக்கிரம் முடிந்தது.

இப்படி இருக்கும்போதுதான், மகளும் மாப்பிள்ளையும் மாப்பிள்ளையின் அம்மாவும் வரப்போகிறார்கள் என்று செய்தி வந்தது. மறுநாளே அவர் பிரெஞ்சு வகுப்பில் பணம் கட்டிவிட்டார்.

வகுப்பு ஒரு துணிக்கடையின் மாடியில். கூடப் படித்தவர்கள் எல்லாம் வெளிநாடு போகத் துடிக்கிற வாலிபப் பிள்ளைகள். டீச்சரும் அவர் மகள் வயசுதான். நரைத்த தலையோடு ஒருவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்ததும், யாரோ கண்காணிக்க வந்த அதிகாரி என்று நினைத்து டீச்சரே எழுந்து நின்றுவிட்டாள்.

பிரெஞ்சு அவரை முதல் நாளே முறைத்தது. எழுதுவது ஒரு முழம், படிப்பது ஒரு சாண். வார்த்தை முடிவில் நாலு எழுத்து நிற்கும். அத்தனையும் சும்மா நிற்கும், வாயில் வராது. "கல்யாணத்துக்குக் கூப்பிட்டுட்டு இலை போடாத மாதிரி இருக்கேம்மா" என்று டீச்சரிடம் சொன்னார். ரகரத்தைத் தொண்டையின் அடியிலிருந்து வரவழைக்கவேண்டும். வீட்டில் குளியலறையில் பழகினார். "உள்ள என்ன, மீன் முள் மாட்டிக்கிச்சா?" என்று மனைவி கதவைத் தட்டினாள்.

உயிர் இல்லாத பொருளுக்கெல்லாம் ஆண், பெண் பார்க்கிற மொழி வேறு. மேஜை பெண். புத்தகம் ஆண். தன் தொழில் சம்பந்தப்பட்டதை உடனே விசாரித்து வந்து மனைவியிடம் சொன்னார். "கண்ணு ஆணாம். கண்ணாடி பொண்ணாம்."

"சரியாத்தான் வச்சிருக்கான். பொம்பளை மூக்குமேல ஏறி உட்கார்ந்தாத்தான் ஆம்பளைக்கு எதிர்ல இருக்கிறதே தெரியுது."

சும்மா சொல்லக்கூடாது, போகப் போக அவருக்கு அந்த மொழி பிடித்துத்தான் போனது. அதில் ஒரு நாசூக்கு இருந்தது. வாயைப் பெரிதாகத் திறக்காமல், உதட்டைக் குவித்து, வார்த்தையைச் சூடு ஆற்றி ஆற்றித் தருகிற மாதிரி. ஊமையாக நிற்கிற கடைசி எழுத்துக்கூட, பக்கத்தில் உயிரெழுத்தில் தொடங்குகிற வார்த்தை வந்து நின்றால் சட்டென்று வாய் திறந்து பேசிவிடும். இந்த அதிசயத்தை ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னார். மனைவி சோற்றைப் பிசைந்துகொண்டே, "அட, எழுத்துக்கு இருக்கிற இரக்கம்" என்று மட்டும் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார்.

எல்லாம் சரி, ஒரு விஷயம்தான் தொண்டையில் நின்றது. சம்பந்தியை எப்படிக் கூப்பிடுவது? டீச்சரைக் கேட்டார். அவள் யோசித்தாள். மாமியாருக்கு 'அழகான அம்மா' என்று வார்த்தை இருந்தது. மாமனார் 'அழகான அப்பா.' மருமகனுக்கும் உண்டு. சம்பந்திக்கு மட்டும் இல்லை. "என் மருமகனோட அம்மான்னு சுத்தித்தான் சொல்லணும் சார்" என்றாள்.

அவருக்குச் சப்பென்று போய்விட்டது. வீட்டுக்கு வருகிற மனுஷியை முறை வைத்துக் கூப்பிட ஒரு வார்த்தை இல்லை என்றால், ஆயிரம் வார்த்தை படித்து என்ன?

இந்தக் குறையோடு இருக்கும்போது ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. மகள் பேசிக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஒரு பெண்குரல் யாரையோ அன்பாகத் திட்டுவது கேட்டது. வாய் நிறைய, வயிறு நிறைய, ஒவ்வொரு எழுத்தும் உருண்டு உருண்டு வெளியே வந்தது. பிரெஞ்சு மாதிரி மூக்கு வழியாக ஒன்றும் வரவில்லை. அலமாரியில் தேடிக்கொண்டிருந்த கண்ணாடிக்காரர் திரும்பிவிட்டார்.

"இது பிரெஞ்சு இல்லையே! என்ன பாஷைன்னு கேளு."

"அது அத்தை, இவரைத் திட்டுறாங்கம்மா. அவங்க தாய்மொழி தகலோக். தீவுல இருந்து பிழைக்க வந்தவங்க. பிரெஞ்சு வேலை இடத்துல மட்டும்தான். வயசானவங்களைப் பார்த்துக்கிற வேலை" என்றாள் மகள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்பாவா கேட்டாரு?" என்றாள்.

"இல்ல, சுவத்துல இருக்கிற பல்லி கேட்டுச்சு" என்றாள் அம்மா.

கண்ணாடிக்காரர் கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். முன்னாலேயே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். கேட்கத்தான் வாய் இல்லையே. கிணறு வெட்டி முடிந்தபிறகு, இது நம் நிலமே இல்லை என்று தெரிந்தவன் நிலைமை.

வேறு ஆளாக இருந்தால் அத்தோடு விட்டிருப்பார். இவர் மறுநாள் காலையில் ஆஸ்பத்திரி நர்ஸம்மாவைப் பிடித்தார். தகலோக் பேசுகிற ஊர்க்காரி. இங்கே வந்து பல வருஷம் ஆகித் தமிழையும் ஒரு மாதிரி உடைத்து உடைத்துப் பேசுவாள். அவளுக்குக் கண்ணாடி போட்டுக் கொடுத்ததே இவர்தான். டீ குடிக்கிற நேரத்தில் கடைக்கு வந்து சொல்லித்தருகிறேன் என்றாள்.

தகலோக் வேறு மாதிரி இருந்தது. எழுதுகிறபடியே பேசினார்கள், பேசுகிறபடியே எழுதினார்கள். சும்மா நிற்கிற எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. மேஜைக்கு ஆண் பெண் இல்லை என்பது இருக்கட்டும், மனுஷருக்கே இல்லை. அவனும் அவளும் ஒரே வார்த்தைதான். மகனும் மகளும் ஒன்றேதான். தினம் தினம் என்பதற்கு 'அராவ்-அராவ்.' மெதுமெதுவாக என்பதற்கு 'தாஹான்-தாஹான்.' "நம்மளை மாதிரியே ரெண்டு ரெண்டு தடவை சொல்றாங்களே!" என்று குதூகலப்பட்டார். பிரெஞ்சில் மூக்குக் கண்ணாடிக்கு ஒரு வார்த்தை, முகம் பார்க்கிற கண்ணாடிக்கு ஒன்று, ஜன்னல் கண்ணாடிக்கு ஒன்று என்று தனித்தனியாக நெட்டுருப் போட்டிருந்தார். இங்கே மூன்றுக்கும் சேர்த்து 'சலமின்' என்று ஒரே வார்த்தை, தமிழில் இருப்பதைப் போலவே. தெளிவாக இருந்தால் 'மலினாவ்.' மங்கலாக இருந்தால் 'மலாபோ.' தொழிலுக்கு வேறென்ன வேண்டும்?

ஒன்று மட்டும் இடித்தது. பெரியவர்களிடம் பேசும்போது மரியாதைக்கு ஒவ்வொரு வாக்கியத்திலும் 'போ' சேர்க்கவேண்டுமாம்.

"அடக் கடவுளே! சம்பந்தியம்மாவை வாசல்ல நிறுத்தி 'போ, போ'ன்னு சொல்லிடாதீங்க" என்று மனைவி நெஞ்சில் கை வைத்தாள். கல்யாணச் செய்தி வந்ததிலிருந்து அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கடைசியில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "நர்ஸம்மா, பிள்ளைங்களைக் கட்டிக்கொடுத்தவங்க ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட உங்க மொழியில வார்த்தை ஏதாவது...?"

"ஓ, இருக்கு! பலாயே" என்றாள் அவள், டீயை உறிஞ்சிக்கொண்டே.

கண்ணாடிக்காரர் எழுந்தே நின்றுவிட்டார். பலாயே! ஒரே வார்த்தை, சுற்றி வளைக்காமல், சம்பந்தி! கடல் தாண்டி இருக்கிறவனும் நம்மைப்போலத்தான் கல்யாணத்தில் இரண்டு குடும்பத்தை முடிச்சுப் போட்டிருக்கிறான் என்று கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஆக ரெண்டுல எது நல்லாருக்கு? இதுவா, அதுவா?" என்று மனைவி அவர் ராகத்திலேயே கேட்டாள்.

"அது கோட் போட்டுட்டு வந்து கை குடுக்கிற மொழி. இது வேட்டியை மடிச்சுக் கட்டிட்டு வந்து கட்டிப்பிடிக்கிற மொழி. ரெண்டும் வேணும்."

"மூணாவதா ஒண்ணு இருக்கே, வீட்டு மொழி. அதுல எப்ப பேசப்போறீங்க?"

அவர் மஞ்சள் துணியைத் தேடினார்.

விருந்தாளிகள் வந்த அன்று விமான நிலையத்தில் மகளை முதலில் பார்த்தவர் அவர்தான். வெளியே வந்தவள், கூட்டத்தில் தேடும்போது கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினாள். அவள் மூக்கில் இருந்தது அவர் கையால் போட்டு அனுப்பிய அதே ஃபிரேம். ஃபிரேமின் வலது காதுக்கம்பியில் அவர் மாற்றிப்போட்ட சோடி சேராத திருகுகூட அப்படியே இருந்தது. பவர் ஏறிவிட்டது. பத்தடி தூரத்திலிருந்தே அவருக்குத் தெரிந்தது. சொல்ல வாய் வந்தது. வீம்பு முந்திக்கொண்டது. "பெட்டியை என்கிட்ட குடுக்கச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார்.

மாப்பிள்ளை நல்ல உயரம், அடக்கமான பையன். பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் அவன் முகம் மலர்ந்து, மெதுவாக, இவருக்குப் புரியும்படி நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னான். கண்ணாடிக்காரருக்குத் தோள் இரண்டு அங்குலம் உயர்ந்தது. அப்படியே சம்பந்தியம்மாவிடமும் திரும்பி, குளியலறையில் பழகிய முழு வாக்கியத்தையும் எடுத்துவிட்டார்.

சின்ன உருவம் அந்த அம்மாள். கேட்டதும் இரண்டு கையையும் முன்னால் கோர்த்துக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, "ஆமாம் ஐயா, நன்றி ஐயா" என்று பிரெஞ்சில் சொன்னாள். வீட்டுக்கு வந்தும் அப்படியே. உட்காருங்கள் என்றால்தான் உட்கார்ந்தாள், அதுவும் நாற்காலியின் நுனியில். டீ குடித்த கோப்பையைத் தானே எடுத்துப்போய்க் கழுவினாள். கண்ணாடிக்காரருக்குப் புரிந்துபோனது. பிரெஞ்சில் பேசினால் இந்த அம்மாளுக்கு வேலைக்கு வந்த வீட்டு ஞாபகம் வருகிறது. 'ஐயோ, சம்பந்தியைக் கூப்பிட்டு வேலைக்காரி ஆக்கிட்டேனே' என்று பதறி, நர்ஸம்மா தந்ததை எடுத்தார்.

"பலாயே" என்றார்.

அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். அப்புறம் ஆரம்பித்தாளே ஒரு பேச்சு! தகலோக் அருவியாகக் கொட்டியது. இவருக்கோ கைவசம் இருந்தது பத்து சரக்கு. 'தினம் தினம்', 'மெதுமெதுவாக', 'கண்ணாடி' என்று இருந்ததையெல்லாம் இடையிடையே போட்டுச் சமாளித்தார். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் கை தட்டினாள். மகள் சமையலறை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பா இரண்டு மொழியில் பேசுகிறார். தன்னிடம் எதிலும் பேசவில்லை.

இருந்த நாட்களெல்லாம் இப்படியே போயின. மாப்பிள்ளையோடு பிரெஞ்சில் நடைப்பயிற்சி, சம்பந்தியோடு தகலோக்கில் சிரிப்பு, மகளோடு மனைவி வழியாக. "அவளுக்கு இன்னும் கொஞ்சம் சோறு வை." "அவளை ஜன்னலைச் சாத்திட்டுப் படுக்கச் சொல்லு." மகளும் அப்பன் மாதிரியேதான், 'சொல்லும்மா, கேளும்மா' என்றே ஓட்டினாள். அவள் டிவி பார்க்கும்போது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வதையும், பேப்பரை மூக்குக்குப் பக்கத்தில் பிடிப்பதையும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். ஊரார் கண்ணுக்கெல்லாம் கண்ணாடி போடுகிறவன் மகள் கண் இடுங்கி நிற்கிறது. ஒரு நாள், 'அங்கே கண் டாக்டரே இல்லையாமா, கேளு' என்றார். மனைவி, "நீங்களே கேளுங்க. இதை நான் கேட்கமாட்டேன்" என்று போய்விட்டாள்.

கிளம்புவதற்கு முந்தின நாள் சம்பந்தியம்மா, மாப்பிள்ளையின் சட்டைப் பொத்தானைத் தைக்க ஊசியில் நூல் கோர்க்கமுடியாமல் தவித்தாள். அதைப் பார்த்ததும் கண்ணாடிக்காரர் துள்ளி எழுந்தார். பேச்சு தீர்ந்துபோனாலும் தொழில் தீரவில்லையே! எல்லோரையும் கடைக்குக் கூட்டிப்போனார்.

சம்பந்தியம்மாவை இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கைப் போட்டு, சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டினார். மாப்பிள்ளை சுவர் ஓரமாக நின்றான். மகள் திரையைப் பிடித்துக்கொண்டு வாசலில், உள்ளேயும் இல்லாமல் வெளியேயும் இல்லாமல் நின்றாள். அவளுக்குப் பின்னால் அம்மா. முதல் லென்ஸைச் செருகினார். எடுத்தார். இரண்டாவதைச் செருகினார். "மலினாவ்? மலாபோ?" என்று கேட்கவேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். அந்த அறையில் நின்றதும் பழக்கதோஷத்தில் வாயில் தமிழ் வந்துவிட்டது.

"இதுவா... அதுவா?"

"முதல்ல வச்சது தெளிவு" என்றாள் சம்பந்தியம்மா.

தமிழில்தான் சொன்னாள்.

கண்ணாடிக்காரர் லென்ஸைப் பிடித்த கை அந்தரத்தில் நின்றது. அந்த அம்மாள் பலகையைப் பார்த்தபடியே, பாடம் ஒப்பிக்கிற பிள்ளை மாதிரி தொடர்ந்தாள். "கண்ணைச் சிமிட்டிக்குங்க. அவசரமே இல்ல." உச்சரிப்பு கொஞ்சம் உருண்டது. ஆனால் ராகம் அவருடைய ராகம். எங்கே இழுக்கவேண்டுமோ அங்கே இழுத்தாள், எங்கே இறக்கவேண்டுமோ அங்கே இறக்கினாள். தன் குரலை யாரோ எடுத்துப்போய்க் கடல் தாண்டி வளர்த்துத் திருப்பிக் கொண்டுவந்த மாதிரி இருந்தது அவருக்கு.

மாப்பிள்ளை பிரெஞ்சில், நிறுத்தி நிறுத்திச் சொன்னான். எங்கள் வீட்டுச் சமையலறையில். ஒவ்வொரு சாயங்காலமும். என் அம்மா, தமிழ் கற்றுக்கொடு என்று இவளிடம் கேட்டாள். இவளுக்கு எங்கிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஒரு கண்ணைப் பாத்திர மூடியால் மறைத்துக்கொண்டு சுவர்க் காலண்டரைப் படிப்பார்கள். உங்கள் வாக்கியங்கள்தான் பாடம். வேறு பாடம் கிடையாது.

துணிக்கடை மாடியில் கஷ்டப்பட்டுப் படித்தது வீண்போகவில்லை. ஒரு வார்த்தை விடாமல் புரிந்தது. மகளோடு ஒரு வருஷமாகப் பேச்சே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தாரே, தினம் தினம் அவள் இவர் பேச்சையே அல்லவா பேசிக்கொண்டிருந்திருக்கிறாள்!

வாசலுக்குத் திரும்பினார். மகள் திரையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணை இடுக்கி இவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வாயைத் திறந்தார். பிரெஞ்சு வந்த வாய், தகலோக் வந்த வாய், அதில் தமிழ் வரவில்லை. எதை முதலில் சொல்வது? கோபத்தையா? மன்னிப்பையா? தப்பாக ஏதாவது சொல்லி, வந்த பெண் மறுபடியும் போய்விட்டால்?

நாற்காலியில் இருந்த சம்பந்தியம்மா, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் தாங்கிக்கொண்டே திரும்பி அவரைப் பார்த்தாள். அவளுக்குத் தெரிந்த தமிழில் மிச்சம் இருந்தது அதுதான். மெதுவாக, அதே ராகத்தில் சொன்னாள்.

"தப்பாச் சொன்னாலும் தப்பில்ல. சொல்லாம இருந்தாத்தான் தப்பு."

கண்ணாடிக்காரர் மகள் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தார்.

"உனக்குப் பவர் ஏறியிருக்குடி" என்றார். "வந்த அன்னிக்கே பார்த்துட்டேன். எத்தனை நாளா இதே கண்ணாடியைப் போட்டுட்டுக் கஷ்டப்படுற? அங்க கண்ணு பார்க்க ஆளே இல்லையா?"

"நிறைய பேர் இருக்காங்க" என்றாள் மகள். "எனக்குத்தான் வேற யார்கிட்டயும் காட்ட மனசு வரலப்பா."

அவ்வளவுதான். அதற்குமேல் இரண்டு பேருக்கும் தாங்கவில்லை. சம்பந்தியம்மா யாரும் சொல்லாமலே ஃபிரேமைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நாற்காலியை விட்டு இறங்கினாள். மகள் வந்து ஏறி உட்கார்ந்தாள். சின்ன வயதில் தொங்கிய கால் இப்போது தரையைத் தொட்டது. அவர் ஃபிரேமை மாட்டி, காதுக்குப் பின்னால் சரி செய்தார். லென்ஸைச் செருகினால் மகள் கண்ணில் எழுத்துக்குப் பதில் குளம் நின்றது.

"கண்ணுல தண்ணி இருந்தா பவர் தப்பா வரும். துடைச்சுக்கோ" என்று அதட்டினார்.

"முதல்ல நீங்க துடைச்சுக்கிட்டு வாங்க. லென்ஸ் நம்பரே உங்களுக்குத் தெரியல" என்றாள் மனைவி பின்னாலிருந்து.

மஞ்சள் துணியை எடுத்தார். அன்றைக்குத்தான் அது கண்ணாடியைத் துடைக்காமல் கண்ணைத் துடைத்தது. பெட்டியில் விரலை ஓட்டி லென்ஸைப் பொறுக்கினார். ஒன்றைச் செருகினார், எடுத்தார், அடுத்ததைச் செருகினார்.

"இதுவா... அதுவா?"

மகள் பலகையைப் பார்த்தாள். கடைசி வரிவரைக்கும் இப்போது நன்றாகத் தெரிந்தது.

"இன்னொரு தடவை கேளுப்பா" என்றாள்.